விலாவுக்குள் நீர் வந்தது எப்படி?

"தலைக்குக் குளிக்காதே, இளநீர் குடிக்காதே என்று எத்தனை தடவை சொன்னேன்! இப்போது பார், நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டுவிட்டது!"

எக்ஸ்ரே படத்தைப் பார்த்து டாக்டர் விஷயத்தைச் சொன்னதும், வீட்டில் பாட்டி இப்படித்தான் அங்கலாய்ப்பாள். பாட்டியின் கவலை நியாயமானது. சொன்ன காரணந்தான் சரியல்ல. நீங்கள் குளிக்கும் தண்ணீர் நுரையீரலைச் சுற்றிப் போய்த் தேங்குவதில்லை. பின் அந்த நீர் எங்கிருந்து வருகிறது?

நுரையீரலின் மேல் மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. விலா எலும்புகளின் உட்புறத்திலும் அதே போன்ற சவ்வு உண்டு. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மேஜைக்கரண்டி அளவு நீர் எப்போதுமே இருக்கும். வண்டி அச்சுக்கு மசகு எப்படியோ, மூச்சு விடும்போது நுரையீரல் உராயாமலிருக்க இந்த நீர் அப்படி. இது ஓயாமல் ஊறிக்கொண்டும் வடிந்துகொண்டும் இருக்கிறது. ஊறுவது மிஞ்சினாலோ, வடிவது தடைப்பட்டாலோ வந்தது வினை!

காரணங்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையில் சவ்வின் மேல் குற்றமில்லை. இருதயம் பலவீனமாகி, இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறி நீர் கசியும். பெரும்பாலும் இரு பக்கமும் சேரும். கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் சேர்ந்தவர்களுக்கு, அது உதரவிதானத்தின் நுண்ணிய துளைகள் வழியே மேலேறும். பெரும்பாலும் வலப் பக்கந்தான். சிறுநீரகம் பழுதாகிப் புரதம் சிறுநீரில் போய்விட்டால், இரத்தத்துக்கு நீரைப் பிடித்து வைக்கும் சக்தி குறைந்துவிடும்.

இரண்டாவது வகையில் பெரும்பாலும் சவ்வே நோய்ப்பட்டுவிடுகிறது. நிமோனியா, க்ஷயம், புற்றுநோய், நுரையீரல் இரத்தக் குழாயில் அடைப்பு ஆகியவை முக்கியமானவை. நிமோனியாவை அலட்சியம் செய்தால் நீர் சீழாகவும் மாறக்கூடும்.

1761-ல் ஆஸ்திரிய வைத்தியர் லியோபோல்ட் அவுன்பிருக்கர், நெஞ்சை விரலால் தட்டிப் பார்த்து உள்ளே நீர் இருப்பதைக் கண்டுபிடிக்கும் முறையை வெளியிட்டார். அவர் தகப்பனார் விடுதிக்காரர். ஒயின் பீப்பாயைத் தட்டி, எதுவரை நிறைந்திருக்கிறதென்று அறியும் வழக்கத்திலிருந்தே மகனுக்கு யோசனை உதித்தது என்பார்கள். இன்றும் டாக்டர்கள் தட்டிப் பார்க்கிறார்கள். பிறகு ஊசியால் சிறிது நீரை எடுத்து, அதிலுள்ள புரதத்தை இரத்தத்திலுள்ளதோடு ஒப்பிடுகிறார்கள். பாதிக்கு மேல் இருந்தால் இரண்டாவது வகை என்று சந்தேகிக்கலாம். 1972-ல் அமெரிக்க டாக்டர் ரிச்சர்ட் லைட்டும் அவரது சகாக்களும் வகுத்த விதிகளில் இது ஒன்று.

இங்கே நீங்கள் ஏமாறக்கூடிய இடங்கள் இரண்டு உண்டு. ஆரம்பத்தில் மூச்சை இழுத்தால் விலாவில் சுருக்கென்று குத்தும். நீர் அதிகமானால் சவ்வுகள் விலகி, வலி குறைந்துவிடும். "வலி போய்விட்டது" என்று சந்தோஷப்படுவீர்கள். மூச்சுத் திணறலோ வளர்ந்துகொண்டிருக்கும்! க்ஷயத்தினால் வந்த நீர், சிலருக்கு மருந்தில்லாமலே வற்றிவிடுவதும் உண்டு. ஆனால் நோய் போகவில்லை. சில வருஷங்களுக்குள் பலரை மறுபடி பிடித்துக்கொள்கிறது. ஆறு மாதம் ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் பெரும்பாலோர் பூரண குணமடைகிறார்கள்.

ஆகையால், நீரை எடுத்தாகிவிட்டதென்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கூரை ஒழுகினால் கீழே பாத்திரம் வைப்பது அவசரத்துக்குத்தான். ஓடு எங்கே உடைந்தது என்று பார்க்க வேண்டாமா? "நீர் எதனால் வந்தது, டாக்டர்?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாட்டிக்கும் ஒரு வார்த்தை: இருதயமோ சிறுநீரகமோ பழுதானவர்களுக்கு டாக்டர் உப்பையும் தண்ணீரையும் இளநீரையும் குறைக்கச் சொன்னால், அவசியம் கண்டிப்பாக இருக்கட்டும். தலைக்குக் குளித்த பாவத்துக்காக மட்டும் யாரையும் கோபிக்க வேண்டாம்!