மொட்டை மாடியில ஆஸ்பரகஸ் வருமா?

இந்த வாரக் கேள்வி கவரைப்பேட்டையிலிருந்து வந்திருக்கு. கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஷிப்ட் வேலை பார்க்கிற தம்பி ஒருத்தர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார்: "அண்ணா, ஆன்லைன்ல ஆஸ்பரகஸ் விதை வாங்கிட்டேன். வாடகை வீடு, மொட்டை மாடி மட்டும்தான் இருக்கு. வருமா?"

முளைக்கும் தம்பி. ஆனா சூப்பர் மார்க்கெட்ல பார்க்கிற அந்தப் பருமனான குருத்து கிடைக்கிறது கஷ்டம். ஆஸ்பரகஸ் குளிர்நாட்டுச் செடி. குளிர்காலத்துல மேல்பகுதி காய்ஞ்சு, வேர் ஓய்வெடுத்து, அதுல சேர்த்து வைச்ச சத்தை வெச்சுத்தான் வசந்தத்துல குருத்து விடும். நம்ம ஊர்ல அந்த ஓய்வே கிடையாது. தாய்லாந்து மாதிரி வெப்ப நாடுகள்ல சில தண்டுகளை வெட்டாம தாய்த்தண்டா விட்டுட்டு, பக்கத்துல வர்ற குருத்தை மட்டும் அறுப்பாங்க. குளிர்நாடுகள்ல முதல் இரண்டு வருஷம் வெட்டாம விடுறதுதான் வழக்கம். வேர் பலமானா பத்துப் பதினைந்து வருஷம் தரும்.

ஆனா அதே குடும்பத்துச் செடி ஒண்ணு நம்ம மண்ணுலயே இருக்கு. தண்ணீர்விட்டான். சதாவேரின்னு சித்த மருந்துக் கடையில கேட்டிருப்பீங்க. முள்ளுள்ள கொடி, இலை மாதிரி தெரியுற மெல்லிய பச்சை ஊசிகள், வாசனையான சின்ன வெள்ளைப் பூ, அப்புறம் சிவப்புப் பழம். மண்ணுக்கடியில கொத்துக் கொத்தா சாறுள்ள கிழங்கு. நேபாளத்துல இதோட இளங்குருத்தைக் காய்கறியா சமைப்பாங்க.

எதை வாங்கணும்?

மருந்துக் கடையில விக்கிற காய்ஞ்ச கிழங்கை நட்டா முளைக்காது. பச்சைக் கிழங்கா இருந்தாலும், தனியா ஒண்ணை வெட்டி நட்டா வராது. தண்டு கிளம்புற அடிப்பகுதியும் முளையும் சேர்ந்த வேர்க்கொத்து வேணும். இல்லைனா நர்சரியில நாற்று. விதைன்னா பழுத்த பழத்திலிருந்து எடுத்துக் கழுவி, ஒரு நாள் ஊற வெச்சுப் போடுங்க. தோல் கடினம், அதனால முளைக்க ஒரு மாசம்கூட ஆகலாம். பத்து நாள்ல தொட்டியைக் கிளறிப் பார்த்துடாதீங்க!

எப்படி நடணும்?

ஒன்றரை அடி ஆழமுள்ள குரோ பேக். செம்மண், மணல், மக்கின தொழுவுரம் மூணும் சம அளவு. அடியில தண்ணி வடியிற ஓட்டை கட்டாயம். வேர்க்கொத்தை விரிச்சு வெச்சு, முளைக்கு மேல ரெண்டு அங்குலம் மண் மூடினா போதும். கொடி ஏற ஒரு குச்சியோ கயிறோ கட்டுங்க.

ஜூன், ஜூலையில நட்டுடுங்க. ஐப்பசி அடைமழை வர்றதுக்குள்ள வேர் பிடிச்சுடும். இந்தச் செடி பெரும்பாலும் சாகிறது தண்ணி இல்லாம இல்ல, அதிகமா ஊத்தித்தான். கிழங்குலயே ஈரம் சேர்த்து வைக்கும். அதனால மேல் மண் காய்ஞ்ச பிறகு ஊத்தினா போதும். நைட் ஷிப்ட் முடிச்சு ஒரு நாள் தூங்கிட்டாலும் ஒண்ணும் ஆகாது. மே மாச வெயில்ல கொடி காய்ஞ்சா பிடுங்கிடாதீங்க. வேர் உயிரோட இருந்தா மழைக்குத் திரும்பக் கிளம்பும்.

மீஞ்சூர் சுத்துவட்டாரத்துல நிலத்தடி நீர்ல கடல் உப்பு ஏறினது பழைய பிரச்சினை. உங்க போர் தண்ணியும் கரிச்சா, நாற்றுக்கு மட்டுமாவது மழைத் தண்ணி பிடிச்சு வையுங்க.

மண் எங்கிருந்து வருது?

இதைத்தான் முக்கியமா சொல்லணும். நாம வளர்க்கிறது மண்ணுக்குள்ளேயே வருஷக்கணக்கா கிடக்கிற கிழங்கு. இரும்பு உருக்குற ஆலைகள் இருக்கிற பகுதியில ஆலை ஓரத்து மண், ரோட்டோர மண், எங்கிருந்து வந்ததுன்னு தெரியாத லாரி மண் வேண்டாம். வழக்கமான மண் பரிசோதனையில உப்பு, கார அமிலத் தன்மை, சத்து இதெல்லாம்தான் பார்ப்பாங்க. ஈயம் மாதிரி கன உலோகத்துக்குத் தனியா டெஸ்ட் கேட்கணும். மண் மேல சந்தேகம் இருந்தா, செடியை அழகுக்கு வளருங்க, கிழங்கைச் சாப்பிட வேண்டாம். மருந்தா எடுக்கிறதா இருந்தா சித்த மருத்துவரைக் கேட்டுட்டு எடுங்க.

கிழங்கு எடுக்க ஒன்றரை, ரெண்டு வருஷம் ஆகும். "அதுக்குள்ள ஹவுஸ் ஓனர் காலி பண்ணச் சொன்னா?"ன்னு தம்பி கேட்பார். தரையில நட்டிருந்தா தோண்டணும், வேர் அறுபடும், எண்ணிக்கை முதல்லேருந்து தொடங்கும். அதனாலதான் குரோ பேக் சொன்னேன். சாமான் வண்டியில கடைசியா ஏத்துங்க, புது வீட்டு மாடியில முதல்ல இறக்குங்க. வேருக்கு வீடு மாறினதே தெரியாது.

அந்த ஆன்லைன் விதையையும் வீணாக்காதீங்க. ஒரு தொட்டியில போட்டுப் பாருங்க, என்ன ஆச்சுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.