ஒண்ணு விட்டு ஒண்ணு எடுத்தா என்ன ஆகும்?

"சிஎஸ்இ படிக்கிற நமக்கு எதுக்குடா சிக்னல் பிராசஸிங்?" என்று புலம்பியவர்களில் நானும் ஒருத்தன். மினி பிராஜெக்ட்தான் வாயை அடைத்தது.

பேச்சை எழுத்தாக மாற்றும் பிராஜெக்ட். கையில் இருந்த ஆடியோவில் விநாடிக்கு 16,000 சாம்பிள். மாடலுக்கு வேண்டியது 8,000. அர்ரேயில் ஒண்ணு விட்டு ஒண்ணு எடுத்தேன். ஒரே வரி கோட், மெமரியும் பாதி மிச்சம். ஆனால் 'ஸ' வரும் இடமெல்லாம் கரகரன்னு ஒரு இரைச்சல், ஒரிஜினலில் இல்லாதது.

விநாடிக்கு 8,000 சாம்பிள் எடுத்தால் 4,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அலைகளை மட்டும்தான் சரியாகப் பிடிக்க முடியும். அதற்கு மேலே இருப்பவை காணாமல் போனால்கூடப் பரவாயில்லை. மடங்கிக் கீழே வந்து உட்கார்ந்துவிடும். 7,000 ஹெர்ட்ஸ் கொசைன் அலையை இப்படிச் சாம்பிள் பண்ணினால் கிடைக்கும் எண்களும், 1,000 ஹெர்ட்ஸ் அலை தரும் எண்களும் அச்சு அசல் ஒன்றுதான். பைத்தானில் நாலு வரி எழுதி பிரிண்ட் பண்ணிப் பாருங்க. இதுதான் ஏலியாசிங். 'ஸ' ஒலியின் சத்து பெரும்பாலும் 4,000-க்கு மேலேதான் இருக்கு. அதான் அங்கே அடி வாங்கினேன்.

கலந்தபிறகு அந்த எண்களை மட்டும் வைத்து எது எதுன்னு பிரிக்க முடியாது. முதலில் லோ-பாஸ் ஃபில்டர், அப்புறம்தான் சாம்பிளைக் குறைக்கணும். சைபையின் டெசிமேட் ஃபங்ஷன் இரண்டையும் சேர்த்தே செய்யும். மைக்கில் இருந்து நேராக எடுக்கும்போது ஏடிசிக்கு முன்னாடியே ஹார்டுவேரில் ஃபில்டர் வேணும்; அதுக்கப்புறம் சாஃப்ட்வேர் வந்து பிரயோஜனமில்லை.

லேண்ட்லைன் போனிலும் இதே 8,000 சாம்பிள்தான். அங்கே ஃபில்டர் 3,400 ஹெர்ட்ஸ் வாக்கிலேயே வெட்டிவிடும். பெயருக்கு ஸ்பெல்லிங் சொல்லும்போது "எஃப்பா, எஸ்ஸா?" என்று திரும்பக் கேட்பாங்களே, அதனால்தான். ஒலி கொஞ்சம் போச்சு, ஆனா இல்லாத ஒலி எதுவும் உள்ளே வரலை.