தராசு சொல்லாத ஆபத்து

கண்டி வாவியைச் சுற்றி அதிகாலையில் வேகநடை பயில்வோரையும், கட்டுகஸ்தோட்டை, பேராதனை, அக்குறணை முதலான இடங்களில் உடற்பயிற்சி நிலையங்களை நாடுவோரையும் காண்கையில் மகிழ்ச்சியடைகின்றோம். எனினும், இவர்களை வழிநடத்தும் பயிற்றுநர்கள் உடற்பருமனைத் தோற்றக் குறைபாடாகக் கருதாது, நோய்களின் தோற்றுவாயாக விளங்கிக்கொள்வது அவசியமாகும்.

வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பே நீரிழிவு, உயர் குருதியமுக்கம், மாரடைப்பு, ஈரலில் கொழுப்புப் படிதல் ஆகியவற்றுக்குப் பெரிதும் வழிகோலுகின்றது. தெற்காசியரிடம் இவ்வாபத்து குறைந்த எடையிலேயே தலைதூக்குகின்றது. உடற்திணிவுச் சுட்டி 25 ஐ எட்டினால் அதிக எடை என்பது பொது விதி. ஆசியருக்கு 23 இலேயே அவதானம் தேவை என உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு 2004 இல் சுட்டிக்காட்டியது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் எட்டுவது எச்சரிக்கையாகும். கைகால் மெலிந்து தொந்தி மட்டும் பெருத்தவரின் ஆபத்தைத் தராசு காட்டாது.

எனவே, முதல்நாளே இடுப்பை அளந்து, நெஞ்சுவலி, மூட்டுவலி, உட்கொள்ளும் மருந்துகள் குறித்து விசாரித்தல் வேண்டும். இன்சுலின் பெறுவோருக்குப் பயிற்சியின்போது குருதிச் சீனி திடீரென வீழ்ச்சியடையலாம். ரமழான் நோன்பு காலத்தில் அவர்கள் வைத்திய ஆலோசனையின்றிக் கடும் பயிற்சியில் ஈடுபடலாகாது. ஏற்ற இறக்கம் நிறைந்த மலைநகரில் பருத்த உடலினரின் முழங்கால்கள் ஏற்கெனவே சுமையைத் தாங்குகின்றன. அவர்களை எடுத்த எடுப்பில் ஓடவைப்பது தகாது.

எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சீனியும் அமுக்கமும் சீரடையத் தொடங்கும். ஒரே மாதத்தில் உடலை உருக்குவதாக வாக்களிப்பதைவிட, சந்தேகத்துக்குரியவரை வைத்தியரிடம் அனுப்பும் பயிற்றுநரே சமூகத்துக்குப் பயனுள்ளவர் என்பது எமது கருத்தாகும்.