இல்லமும் சிகிச்சையின் ஒரு பகுதியே

நன்றாகப் படித்துவந்த பிள்ளை படிப்பில் பின்தங்குகிறான்; நண்பர்களை விட்டு விலகுகிறான்; அயலார் தன்னைப் பற்றியே பேசுவதாக ஐயுறுகிறான்; யாருமில்லாதபோது எப்போதாவது குரல் கேட்பதாகச் சொல்கிறான். இவை மனச்சிதைவு நோயின் உறுதியான அடையாளங்கள் அல்ல. இதனை 'இடர்நிலை' என்கிறோம். இந்நிலையிலுள்ள இளையோரில் பெரும்பாலோர்க்கு அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்நோய் வருவதில்லை. எனினும், தானே சரியாகிவிடும் என்று விட்டுவிடலாகாது.

இக்கட்டத்தில் பயன்தரும் முறைகளுள் ஒன்று குடும்பச் சிகிச்சை. "அப்படியானால் எங்கள் வளர்ப்பில்தான் குறையா?" என்று பெற்றோர் எம்மிடம் கேட்பதுண்டு. இல்லை. குடும்பம் இந்நோயை உண்டாக்குவதில்லை. ஆனால் ஓயாத கண்டனமும், அளவு மீறிய கண்காணிப்பும் ஏற்கெனவே தளர்ந்த மனத்தின் சுமையைக் கூட்டுகின்றன.

அமெரிக்க உளவியலாளர் டேவிட் மிக்லோவிட்ஸ் குழுவினர் வகுத்த முறையில் 6 மாதங்களில் 18 அமர்வுகள் உள்ளன. 129 இளையோர் பங்கேற்ற அவர்களது ஆய்வு 2014-இல் வெளியானது. மூன்றே அமர்வுகள் பெற்றவர்களைவிட இம்முறையைப் பெற்றவர்களுக்கு ஐயம், குரல் கேட்டல் போன்ற தொல்லைகள் கூடுதலாகக் குறைந்தன.

இதில் மூன்று படிகள் உள்ளன.

முதலாவது, புரிதல். அறிகுறிகளையும், அவற்றைத் தூண்டும் நெருக்கடிகளையும் பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்தே அறிகின்றனர்.

இரண்டாவது, உரையாடல். "எந்நேரமும் அறைக்குள்ளேயே கிடக்கிறாயே, உருப்படுவாயா?" என்பது கண்டனம். "இரவுச் சாப்பாட்டுக்கு எங்களோடு வந்து உட்கார்ந்தால் அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கும்" என்பது வேண்டுகோள். ஐயத்தைப் பிள்ளை வெளியிடும்போது வாதிட்டு முறியடிக்கவும் வேண்டாம், ஆமோதிக்கவும் வேண்டாம். "அது உனக்கு மிகுந்த அச்சத்தைத் தந்திருக்கும்" என்று செவிசாய்த்தலே போதும்.

மூன்றாவது, சிக்கல் தீர்த்தல். காலையில் எழ இயலாமை போன்ற சிறு சிக்கல் ஒன்றை எடுத்து, வழிகள் பலவற்றை எழுதி, ஒன்றைத் தேர்ந்து, ஒரு வாரம் முயன்று பார்த்தபின் மீண்டும் கூடிப் பேசுதல்.

தந்தை, தாய், உடன்பிறந்தோர், உடன் வாழும் தாத்தா பாட்டி என இயன்றவர் அனைவரும் வருவது நலம். மருந்து தரப்பட்டிருப்பின், மருத்துவரைக் கேளாமல் நிறுத்தவேண்டாம்.

தற்கொலைப் பேச்சு, பல இரவுகள் உறக்கமின்மை, கேட்கும் குரலின் கட்டளைப்படி நடத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், அடுத்த அமர்வுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி-மானஸ் இலவச எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.