தாத்தா சொல்லாததை மெஷின் எழுதுமா?

வீட்டுப் பெரியவரை டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்புகிறீர்கள். செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வந்துவிடும். "டாக்டர் என்னப்பா சொன்னார்?"

யோசிக்கிறீர்கள். ராத்திரி மாத்திரையைப் பாதியாக்கச் சொன்னாரா, காலை மாத்திரையையா? உப்பைக் குறைக்கச் சொன்னாரா, தண்ணீரையா?

உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நோயாளிகளின் ஞாபகம் பற்றிய ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2003-ல் ஒரு மருத்துவக் கட்டுரை வெளிவந்தது. டாக்டர் சொல்வதில் 40 முதல் 80 சதவிகிதம் வரை உடனேயே மறந்துபோகிறது என்கிறது அது. நினைவில் நிற்பதிலும் கிட்டத்தட்டப் பாதி தப்பாக நிற்கிறதாம்! வயதானவர்களுக்கும் பயந்துபோனவர்களுக்கும் கேட்கவே வேண்டாம்.

வேலூர் லாங் பஜாரை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே கடை, மாடியில் வீடு. தெருவில் வெங்காய மூட்டை, தள்ளுவண்டி, ஓயாத ஹாரன். மாடியில் வயதான அப்பாவும் அம்மாவும். ஒரு பிள்ளை கடையில் இருப்பார், இன்னொருவர் துபாயில் இருப்பார். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழில் குடும்பங்களிலும் இதே கதைதான். 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சி.எம்.சி. ஆஸ்பத்திரி இதே ஊரில். வடக்கேயிருந்தெல்லாம் ரயிலேறி வருகிறார்கள். முதியவர்களுக்கென்றே தனிப் பிரிவும் அங்கே உண்டு. ஆக, வைத்தியத்துக்குக் குறைவில்லை. வைத்தியர் சொன்னதைச் சிந்தாமல் வீடு கொண்டுவந்து சேர்ப்பதுதான் பெரும்பாடு.

அதற்கு இப்போது கையிலேயே ஒரு உதவியாள். செல்போன்! ரெக்கார்டரை அழுத்தி மேஜைமேல் வைத்தால் போதும். அந்தப் பேச்சை எழுத்தாக்கி, சுருக்கி, 'யார் என்ன செய்ய வேண்டும்' என்று குறிப்பும் எழுதித் தருகிற ஏ.ஐ. கருவிகள் வந்துவிட்டன. ஜூம், கூகுள் மீட் போன்ற வீடியோ கூட்டங்களுக்குள்ளேயே அந்த வசதி இருக்கிறது. ஆபீஸ்காரர்களுக்காகப் பிறந்த சமாசாரம். இன்றைக்குப் பெரியவர்களின் வைத்தியத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது.

கோவையைச் சுற்றியுள்ள முதியோர் குடியிருப்புகளை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மா அங்கே, மகள் அமெரிக்காவில், மகன் பெங்களூரில். அவ்வப்போது நர்ஸ், மேனேஜர், பிள்ளைகள் என்று எல்லாரும் வீடியோவில் கூடுகிறார்கள். அம்மா ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? பாத்ரூமில் கைப்பிடி போட்டாச்சா? முன்னெல்லாம் இந்தப் பேச்சு காற்றோடு போகும். அடுத்த மாதம், "நான் அப்பவே சொன்னேனே", "நீங்க சொல்லவே இல்லையே" என்று மனஸ்தாபம். எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தால், கைப்பிடியை யார், எந்தத் தேதிக்குள் போட வேண்டும் என்பது நிற்கும். காது மந்தமான பெரியவர்களுக்கு, பேசப் பேச எழுத்தாகத் திரையில் ஓடுவது ஒரு வரம். ஆகவே இது வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால்...

மௌனத்தை நிரப்பும் மெஷின்

பேச்சை எழுத்தாக்கும் கருவிகளில் பிரபலமானது 'விஸ்பர்'. ஓபன் ஏஐ நிறுவனம் 2022-ல் வெளியிட்டது. வேறு பெயரில் விற்கப்படும் பல கருவிகளுக்குள்ளும் எஞ்சின் இதுதான். கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அடங்கிய குழு இதைச் சோதித்து 2024-ல் முடிவுகளை வெளியிட்டது. சுமார் 1 சதவிகித ஒலித்துண்டுகளில், யாருமே பேசாத சொற்றொடர்களையும் முழு வாக்கியங்களையும் அது தானாகச் சேர்த்து எழுதியிருந்தது! அப்படிச் சேர்த்தவற்றில் பத்துக்கு நாலு பங்கு போல, தீங்கு செய்யக்கூடியவை. இல்லாத மருந்தைக் கண்டுபிடித்து எழுதிய உதாரணமும் பதிவாகியிருக்கிறது.

நூற்றில் ஒன்றுதானே என்கிறீர்களா? எங்கே சேர்த்தது என்று பாருங்கள். பக்கவாதம் போன்ற காரணங்களால் பேச்சு பாதிக்கப்பட்டவர்களின் ஒலியில்தான் இந்தத் தப்பு கூடுதல். வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவே இடைவெளி நீளும்போது, அடுத்து என்ன வரும் என்று ஊகித்தே பழகிய மெஷின், மௌனத்திலும் எதையோ ஊகித்து எழுதிவிடுகிறது.

நம் வீட்டுப் பெரியவர்கள் எப்படிப் பேசுகிறார்கள்? "வலி எப்படிங்கய்யா இருக்கு?" என்று கேட்டால் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்ப்பார். ஒரு பெருமூச்சு. "ம்... இருக்கு... அப்படியே..." என்பார். அந்த இடைவெளியில்தான் பாதி பதில் இருக்கிறது. அனுபவமுள்ள நர்ஸுக்கு அது புரியும். மெஷினுக்கு அது வெறும் காலி இடம். 'வலி கட்டுக்குள் இருப்பதாகத் தெரிவித்தார்' என்று அச்சடித்தாற்போல் ஒரு வரி வந்து விழுந்தால், அமெரிக்காவிலிருக்கும் மகள் அதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவாள். இங்கே தாத்தா விடிய விடிய முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இன்னொரு கஷ்டம் நம்ம ஊருக்கே உரியது. லாங் பஜார் பக்கம் தமிழும் உண்டு, உருதும் உண்டு, தெலுங்கும் உண்டு. பெரியவர் மனைவியிடம் உருதில் சொல்வார், அந்தம்மா மகனிடம் தமிழில் சொல்வார், டாக்டர் ஆங்கிலம் கலந்து பதில் சொல்வார். விஸ்பருக்கு முதலில் பயிற்சி கொடுத்த 6,80,000 மணி நேர ஒலியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆங்கிலம்தான். மற்ற மொழிகள் மீதியைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான். சென்னை ஐ.ஐ.டி.யின் 'ஏஐ ஃபார் பாரத்' குழுவும், மத்திய அரசின் 'பாஷினி' திட்டமும் இந்திய மொழிகளுக்காக உழைத்துவருகின்றன. முன்னேற்றம் தெரிகிறது. இருந்தாலும், பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பாட்டி பேசும் பேச்சு, தெரு இரைச்சலுக்கு நடுவே, மூன்று மொழியில்! மனிதர்களுக்கே கஷ்டம்.

மாத்திரை விஷயத்தில் மட்டும்...

டாக்டர் 'ஒண்ணரை' என்று சொன்னது குறிப்பில் 'ஒண்ணு' என்று வந்தால்? ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் போன்ற மருந்தில் அரை மாத்திரை சாதாரண விஷயமில்லை. சர்க்கரைக்கான கிளிமிபிரைடும் கிளிபிசைடும் காதுக்கு அக்கா தங்கை. அமெரிக்காவில் 'லோசெக்' என்ற வயிற்று மருந்தை 'லாஸிக்ஸ்' என்ற நீர் மாத்திரையோடு குழப்பிக்கொண்டார்கள் என்பதற்காக, 1990-ல் லோசெக்கின் பெயரையே 'பிரைலோசெக்' என்று மாற்றினார்கள். மனிதர்கள் பண்ணிய குழப்பம் அது!

அதனால் மருந்தின் பெயர், அளவு, வேளை இந்த மூன்றுக்கும் பிரிஸ்கிரிப்ஷன் சீட்டுதான் சாட்சி. ஏ.ஐ. குறிப்பு வேறு மாதிரி சொன்னால் பழைய ஒலிப்பதிவைப் போட்டுக் கேளுங்கள். சந்தேகம் தீராவிட்டால் டாக்டரையே கேட்டுவிடுங்கள். எழுத்தாகிவிட்டதே என்று ஒலிப்பதிவை அவசரமாக அழித்துவிடாதீர்கள். அடுத்த செக்கப் வரை இருக்கட்டும். எழுத்து சரியா தப்பா என்று ஒத்துப்பார்க்க அது ஒன்றுதான் வழி.

யாரைக் கேட்டீர்கள்?

டாக்டரிடம் அனுமதி கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். சட்டைப்பையில் ஒளித்துவைத்துப் பதிவு செய்வது நம்பிக்கையைக் கெடுக்கும். முதியோர் இல்ல மேனேஜரிடமும் கேட்பீர்கள். பெரியவரைக் கேட்டீர்களா?

பேச்சு அவர் உடம்பைப் பற்றியது. சிறுநீர் தன்னையறியாமல் போகிறது என்பதை நர்ஸிடம் தனியாகச் சொல்லலாம் என்று பாட்டி காத்திருப்பார். ராத்திரி பயமாக இருக்கிறது, சாப்பாடு பிடிக்கவில்லை, மருமகள் போன் பண்ணுவதில்லை... இப்படி எத்தனையோ. பதிவு ஓடுகிறது, எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும் என்று தெரிந்தால் வாயைத் திறக்கமாட்டார். டாக்டருக்கு அவசியம் தெரிய வேண்டியது அதுவாகவே இருக்கலாம்.

பயம் நியாயமானதும்கூட. சில கருவிகள், கூட்டம் முடிந்ததும் அழைக்கப்பட்ட அத்தனை பேருக்கும் குறிப்பைத் தானாக மெயிலில் அனுப்பிவிடும். 2024-ல் அமெரிக்காவில் ஒரு தொழில் கூட்டம் முடிந்து ஒருவர் வெளியேறினார். அதற்குப் பிறகு மற்றவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட ரகசியமும் எழுத்தாகி அவர் கைக்கே போய்ச் சேர்ந்தது! அங்கே போனது வியாபாரம். வீட்டுக் கூட்டத்தில் "அப்பாவை இனி யார் வைத்துக்கொள்வது" என்று பிள்ளைகள் பேசியது அப்பாவின் போனுக்கே வந்தால்?

2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்தன. கட்டம் கட்டமாக அமலாகிறது. சம்பந்தப்பட்டவர் புரிந்துகொண்டு, கட்டாயமில்லாமல் தரும் சம்மதத்துக்கு அதில் முக்கிய இடம். வீட்டு உபயோகத்துக்காகத் தனிமனிதர் வைத்திருக்கும் பதிவு அந்தச் சட்டத்தில் வராது. முதியோர் இல்லம் டிஜிட்டலாகப் பதிவு செய்து வைத்தால் அது வேறு. எங்கே சேமிக்கிறீர்கள், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்று இல்லத்தாரிடம் தாராளமாகக் கேட்கலாம். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்!

மறதி நோய் உள்ளவரானாலும் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டே பதிவு செய்யுங்கள். போனைப் பார்த்து முகம் மாறினால் அணைத்துவிடுங்கள். மற்றவர்களிடம், "தாத்தா, டாக்டர் சொல்றதைப் பிடிச்சு வச்சுக்கட்டுமா? வேண்டாம்னா நிறுத்திடறேன்" என்றால் போதும். நிறுத்துகிற பட்டனை அவருக்கே காட்டிக்கொடுங்கள்.

குறிப்பு வந்ததும் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதற்கு முன்னால், அவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். ஹியரிங் எய்டை மாட்டிவிட்டு, எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக. கடைத்தெரு வீடு என்றால் ஷட்டர்கள் இறங்கி இரைச்சல் அடங்கியபிறகு வாசிப்பது நல்லது. "நான் அப்படிச் சொல்லலையே" என்று அவர் சொன்னால், அந்த வரியை அங்கேயே அடித்துவிட்டு, அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.