திண்ணையில் ஏறாத பிள்ளைகள்

திருக்கடையூரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட அறுபதாம் கல்யாணம் என்றால் என்னவென்று தெரியும். சன்னிதித் தெருவில் மாலையும் கழுத்துமாகத் தாத்தா பாட்டிகள், அவர்கள் காலில் விழுந்தெழும் பேரன்கள். பெரியவர்களை மதிக்க இந்த ஊரில் தனிப் பாடம் எதற்கு? பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனை மதிக்கக் கற்பதுதான் கஷ்டம்.

அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நீதி என்றால் மனப்பாடம். மணலில் விரலால் எழுதி, ஆத்திசூடியையும் கொன்றை வேந்தனையும் உரக்கச் சொல்ல வேண்டும். அர்த்தம் பிற்பாடு, வயசானபின் விளங்கும். தவறினால் பிரம்பு, அதற்கும் அடங்காதவனுக்குக் கோதண்டம், கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதுதான். வாத்தியார் கண்ணயர்ந்தால் சட்டாம்பிள்ளை பார்த்துக்கொள்வான். பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுக்கும் இந்த வழக்கத்தையும் மணல் எழுத்தையும் எழும்பூர் அநாதை விடுதியில் 1789 முதல் நடத்திப் பார்த்த ஆண்ட்ரூ பெல், ‘மெட்ராஸ் முறை’ என்று இங்கிலாந்துக்கே கொண்டுபோனார். 1826இல் சென்னை கவர்னர் மன்றோ காட்டிய கணக்கில் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள்.

பெருமைப்படலாம். ஆனால் அந்தத் திண்ணைகளில் தலித் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமில்லை; பெண் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பக்கத்துத் தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்கு அடுத்த ஆண்டே பெண் குழந்தைகளுக்குப் பள்ளி வைத்தது அந்தக் காலத்துக்குப் பெரிய காரியம்.

என் காலத்தில் ‘நீதிபோதனை’ என்று வாரம் ஒரு பீரியட் உண்டு. அதைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார், திருப்பித் தந்ததில்லை. தீண்டாமை பாவம், குற்றம் என்று பாடப்புத்தகத்தின் முன்பக்கமே சொல்லும். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்று யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

இன்று மூன்றாம் வகுப்பிலேயே சமூக அறிவியல் புத்தகம் வந்துவிடுகிறது. பிரம்பை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடுத்தது. செயல்வழிக் கற்றல் வந்தபோது டீச்சரே பாய் விரித்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். எத்தனையோ சுற்றறிக்கைகளைவிட அது பெரிய மாற்றம் என்பேன். அப்படியும் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவன் ஒருவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். மனப்பாடம் எவ்வளவு தூரம் வரும் என்பதற்கு அதற்குமேல் சாட்சி வேண்டாம்.

அதே மாதம் 25ஆம் தேதி, டெல்டாவின் திருக்குவளையில்தான் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவானது. ஒரே உப்புமா, ஒரே சாம்பார், ஒரே வரிசை. குடிமையியலுக்கு இதைவிட நல்ல வகுப்பை நான் பார்த்ததில்லை. குறை ஒன்றுதான்: வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அந்நேரம் வேனில் ஏறித் தனியார் பள்ளிக்குப் போய்விடுகிறது. அன்று திண்ணையில் ஏறவிடவில்லை. இன்று பந்தியில் உட்காரவிடுவதில்லை.

சாயங்காலம் உங்கள் வீட்டுப் பிள்ளை வந்ததும் மார்க்கை அப்புறம் கேளுங்கள். “இன்னைக்கு யார் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்ட?” என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.