சில்லின் சோதனையும் கடிகாரத் துடிப்பும்

கணிப்பொறியின் மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு பச்சைப் பலகை இருக்கும். அதன்மேல் கறுத்த உடலும் இருபுறமும் வரிசையாகக் கால்களும் உடைய சில்லுகள் பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்று கெட்டாலும் பலகை முழுவதும் முடங்கக்கூடும். கெட்டது எது என்று அறிய ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுப்பது ஆகாத காரியம். பெயர்ப்பதிலேயே பலகை பாழாகிவிடும். எனவே இருந்த இடத்திலேயே வைத்துச் சோதிக்கின்றனர்.

இதற்கென்று ஓர் ஆணிப்படுக்கை உண்டு. சுருள்வில் பொருத்திய ஊசிகள் நூற்றுக்கணக்கில் நிற்கும் தட்டு அது. பலகையை அதன்மேல் அழுத்தினால் ஒவ்வோர் ஊசியும் ஒவ்வோர் இணைப்பைத் தொடும். அவ்வூசிகளின் வழியே சோதனைக் கருவி ஒரு சில்லுக்கு 0, 1 என்னும் குறிகளைக் கொடுத்து, உரிய விடை வருகிறதா என்று பார்க்கும்.

கேட்பதற்கு எளிதாகவே இருக்கிறது. ஆனால் பலகைக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறதே! மணி காட்டும் கடிகாரமன்று. குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்விலிருந்து பிறக்கும் மின்துடிப்பு. 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். கணிப்பொறியை எடுத்துக்கொள்வோம். அதன் படிகம் வினாடிக்கு 1 கோடியே 43 லட்சம் முறைக்குமேல் அதிர்ந்தது. 8284ஏ என்னும் சில்லு அதை மூன்றால் வகுத்து, வினாடிக்குச் சுமார் 47 லட்சத்து 70 ஆயிரம் துடிப்புகளாக 8088 செயலிக்கு வழங்கியது.

விளையாட்டு விழா அணிவகுப்பில் முரசு முழங்கும்போது, ஒருத்தியை மட்டும் அழைத்து, "நான் சொல்லும்போது மட்டும் காலெடுத்து வை" என்று ஆசிரியை கூறினால் என்ன நடக்கும்? அவள் கால் முரசுக்கே இசையும். சில்லின் நிலையும் அதுதான். துடிப்புகளை எண்ணும் சில்லு ஒன்றுக்குக் கருவி மூன்று துடிப்பு கொடுத்து, 3 என்ற விடைக்காகக் காத்திருக்கிறது. ஒரு மில்லிசெகண்டுக்குள் பலகையின் கடிகாரமோ 4,700 தடவைக்குமேல் துடித்துவிடுகிறது. விடை 3 ஆகவும் வரலாம், 11 ஆகவும் வரலாம். நல்ல சில்லு குப்பைக்குப் போகும். கெட்ட சில்லு தற்செயலாய்ச் சரியான விடை சொல்லித் தப்பும். இவ்விரண்டில் பின்னதே பொல்லாதது என்போம், ஏனெனில் அப்பலகை நம்பி வாங்குவோரின் கைக்குப் போய்ச் சேருகிறது.

கருவியின் வலிமையான மின்னோட்டத்தால் கடிகாரத்தை அடக்கிவிடலாகாதா? மற்றச் சில்லுகளிடம் இம்முறை ஓரளவு செல்லும். 0 என்று கூறும் இணைப்பைச் சில மில்லிசெகண்டுகள் மட்டும் வலிந்து 1 ஆக்கலாம். நீடித்தால் அச்சில்லு சூடேறிக் கெடும். கடிகாரமோ ஓயாமல் மாறிக்கொண்டே இருப்பது. அது மாறும் ஒவ்வொரு கணமும், அடக்கிய இணைப்பில் ஒரு சிறு மின்முள் எழும்பும். அம்முள்ளையும் ஒரு துடிப்பென்று சில்லு எண்ணிக்கொள்ளும்! ஆகவே அடக்குவதைவிட, அதன் ஊற்றிலேயே நிறுத்துவதுதான் முறை.

நிறுத்துவதற்குப் பலகையை வரையும்போதே வழி வைக்க வேண்டும். பல அலையியற்றிகளிலும், 74244 போன்ற இடைச்சில்லுகளிலும் 'பேசு, பேசாதே' என்று கட்டளையிடும் கால் ஒன்று உண்டு. பேசாதே என்றால் அது 0-உம் சொல்லாது, 1-உம் சொல்லாது. கம்பியைவிட்டு விலகி நிற்கும். எப்போதும் பேசட்டும் என்று எண்ணி அக்காலை நேரே 5 வோல்ட்டுடனோ தரையுடனோ இணைத்துவிடுவோரும் உளர். அப்படிச் செய்தால் கருவியால் அதை அசைக்கவே இயலாது. இடையில் 1,000 ஓம் மின்தடை ஒன்றை வைத்தால், 5 வோல்ட்டில் இருக்கும் காலைக் கீழே இழுக்க 5 மில்லிஆம்பியரே போதும். இத்தனை சிறு பொருளைச் சேர்க்கத் தயங்குவது சிக்கனமாகாது.

முன் சொன்ன 8284ஏ சில்லில் வேறொரு வசதியும் உண்டு. அதன் ஒரு கால் 0-இல் இருந்தால் துடிப்பு படிகத்திலிருந்து வரும். 1-இல் இருந்தால் வெளியிலிருந்து வரும். அக்காலை மின்தடை வழியே இணைத்திருந்தால், கருவி படிகத்தை ஒதுக்கிவிட்டுத் தன் தாளத்தையே பலகைக்குக் கொடுக்கலாம்.

ஆயினும் எல்லாச் சில்லுகளும் நிறுத்தத்தைப் பொறுப்பதில்லை. 8088 செயலிக்கு வினாடிக்கு 20 லட்சம் துடிப்புகளாவது வேண்டும். அக்கால நினைவகச் சில்லுகளோ 2 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படாவிட்டால் கற்றதை மறந்துவிடும். (தேர்வுக்கால மாணவியர் சிலரை இது நினைவூட்டலாம்!) அவற்றைச் சோதிக்கும்போது இப்பணியைக் கருவியே ஏற்க வேண்டும்.

பிற்காலத்தில், 1985-இல் ஜே-டாக் என்னும் குழு அமைந்தது. அதன் முயற்சியால் 1990-இல் உருவான ஐ.இ.இ.இ. 1149.1 நியமத்தின்படி, சோதனைக்கென்றே ஒரு தனிக் கடிகாரக் காலும் சில்லிலேயே அமைந்தது. ஆணிகளின் தேவை இதனால் வெகுவாகக் குறைந்தது.

எல்லாச் சில்லுகளும் தேறியபின், நிறுத்தி வைத்த கடிகாரத்தின் முறை வருகிறது. அதனை அவிழ்த்துவிட்டு, குறித்த நேரத்தில் எத்தனை முறை துடிக்கிறது என்று கருவி எண்ணிப் பார்க்கும்.